தண்ணீர் குடிக்காத காற்று

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். கேஸக்கா சிலிண்டரை உருட்டுவாள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, அந்தச் சின்னக் குளிர்பானக் கம்பெனியின் பின்கட்டில் ஆளுயர இரும்பு சிலிண்டர்கள் அடிவிளிம்பில் சுழன்று சுழன்று தராசை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முன்பக்கத்தில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

மொத்தம் ஐந்து சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் தோளிலும் அதன் வெற்று எடையைப் பொறித்திருப்பார்கள். தராசு காட்டும் எடையில் அதைக் கழித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நான்கில் கழித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் முக்கால் கிலோ இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெரிந்த விஷயத்தைத்தான் தராசு சொன்னது. பன்னிரண்டு நாளைக்கு முன்பே அவள் சொன்ன விஷயம்.

சொன்னது முதலாளியின் மச்சானிடம். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. வேறு எங்கும் வேலை நிலைக்காததால் இங்கே மானேஜர் ஆனவன். நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் கிடையாது. காதில் எதுவும் ஏறாது, அவ்வளவுதான்.

“தம்பி, அஞ்சுல ரெண்டுலதான் கேஸ் இருக்கு. அதுலயும் ஒண்ணு பாதி. உர ஆலைய பத்து நாள் மூடப்போறாங்களாம். கடுதாசி வந்திருக்கு. இன்னைக்கே போன் பண்ணி லாரி சொல்லிடுங்க.”

“அக்கா, நான் இப்பதான் பாத்துட்டு வரேன். மீட்டர்ல முள்ளு அறுபதுல நிக்குது. போன வாரமும் அறுபது. அசையவே இல்ல.”

“முள்ளு அசையாது தம்பி. தீர்ற அன்னைக்குதான் எறங்கும்.”

“அப்ப எறங்கட்டும். எறங்கின உடனே சொல்லிடுறேன்.”

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வது? சிலிண்டருக்குள் கேஸ் அழுத்தம் தாங்காமல் திரவமாகக் கிடக்கிறது. ஒரு கரண்டி திரவம் மிஞ்சியிருந்தாலும் அது ஆவியாகி, விட்ட இடத்தை நிரப்பி, முள்ளை அதே இடத்தில் நிறுத்திவிடும். முழுச் சிலிண்டருக்கும் அறுபது, கால் சிலிண்டருக்கும் அறுபது. திரவம் தீர்ந்த பிறகு முள் சரசரவென்று விழும்; அப்போது பார்த்துப் பிரயோசனம் இல்லை. தராசு ஒன்றுதான் உண்மை பேசும். இதை அவள் மச்சானுக்கு நான்கு தடவை சொல்லியிருக்கிறாள். ஐந்தாவது தடவை சொல்லப் போனபோது அவன், “முள்ளை நம்பக்கூடாதுன்னா அதை எதுக்கு மாட்டி வச்சிருக்காங்க?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

இந்தக் கேஸ் உர ஆலையிலிருந்து வருகிறது. அங்கே உரம் செய்யும்போது வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து, சுத்தம் செய்து, அழுத்திச் சிலிண்டரில் அடைத்து அனுப்புகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக ஆலையை மூடுவார்கள். மற்ற கம்பெனிகள் எல்லாம் கடுதாசி பார்த்ததும் வாங்கி வைத்துக்கொண்டன. இங்கே மச்சான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி லாரி வியாழக்கிழமை மதியம்தான்.

வியாழக்கிழமை காலையிலோ விளையாட்டு மைதானத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டி தொடங்குகிறது. மூன்று நாள் போட்டி, நாளுக்கு எழுபது பெட்டி எலுமிச்சை பானம். கம்பெனிக்கு இவ்வளவு பெரிய ஆர்டர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் நாள் சரக்கு புதன்கிழமை சாயங்காலமே அங்கே போய் இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவை சரக்கு போகும்போதும் கூடவே ஒரு சீட்டு போகும். அதில் ‘கேஸ் சரி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது கேஸக்கா. பத்தொன்பது வருஷமாக வேறு யாரும் போட்டதில்லை.

அவள் இந்தக் கம்பெனிக்கு வந்தது பாட்டில் கழுவ. அப்போது வயது இருபத்துநான்கு. காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீரில் பாட்டிலை ஊறப்போட்டு, பிரஷ் விட்டுச் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வைப்பது வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து, ஏழு வருஷத்தில் கைரேகையே மழுங்கிப்போயிருந்தது. கழுவும் தொட்டிக்கு எதிரே கேஸ் மெஷின். நிமிர்ந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. காலையில் நிரப்பும் பாட்டில் நாக்கில் சுள்ளென்று பிடிக்கிறது. மதியம் நிரப்பியது சப்பென்று இருக்கிறது. அதே மெஷின், அதே கேஸ், அதே ஆள். அந்த ஆள் மதியமானால் அழுத்தத்தைக் கூட்டுவான். கூட்டினால் பாட்டில் பொங்கி வழிந்து தரையெல்லாம் நுரையாகும். மறுபடி கூட்டுவான்.

“தண்ணி சூடாயிடுதுண்ணா. அதான் கேஸ் நிக்க மாட்டேங்குது,” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

“நீ பாட்டிலைக் கழுவும்மா. பாடத்தை நான் பாத்துக்கிறேன்,” என்றான் அவன்.

அவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். மெஷினுக்கு ஆள் இல்லை. கழுவிய கை காயாமல் அவள் போய் நின்றாள். முதல் காரியமாகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஐஸ் கொட்டச் சொன்னாள். அன்று மதியம் நிரப்பிய பாட்டிலும் காலைப் பாட்டில் போலவே கடித்தது. அழுத்தத்தைக் கூட்டவே இல்லை. அப்புறம் முதலாளி குளிரூட்டும் மெஷின் வாங்கினார். அவள் மகளின் பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை வாங்கி, அதில் ஒரே ஒரு பக்கத்தை மூன்று மாதம் படித்தாள். அந்தப் பக்கத்தில் இருந்ததில் பாதி அவளுக்குத் தொட்டியைப் பார்த்தே தெரிந்திருந்தது. பெயர்தான் புதிது.

அன்று திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கெல்லாம் முதலாளியின் அறையில் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர். முதலாளி நாற்காலியில், மச்சான் ஜன்னலோரம், கேஸக்கா கதவருகே.

“அக்கம்பக்கத்துக் கம்பெனில ஒரு சிலிண்டர் கடனாக் கேக்கலாமே?” என்றார் முதலாளி.

“மூணு பேர்கிட்ட கேட்டாச்சு மொதலாளி. ஆலை மூடுற நேரத்துல எவன் குடுப்பான்?”

மச்சான் கண்கள் பளிச்சென்றன. “மாமா, சுவத்துல மாட்டியிருக்கோமே, தீயணைக்கிற சிலிண்டரு. அதுலயும் இதே கேஸ்தானாம். மேல எழுதியிருக்கு.”

“கேஸ் அதேதான் தம்பி. ஆனா அது நெருப்பு குடிக்க. மனுஷன் குடிக்கிற அளவுக்கு அதைச் சுத்தம் பண்ணியிருக்க மாட்டாங்க.”

“சரி, அதை விடுங்க. இன்னொண்ணு இருக்கு.” அவன் இதைத்தான் முதலிலேயே சொல்ல வைத்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. “மூடி போடுற மெஷினுக்குக் கம்ப்ரசர் இருக்குல்ல? அதுல எட்டு கிலோ அழுத்தத்துல காத்து வருது. வேணுங்கிற மட்டும் வருது. அதைத் தூக்கிக் கேஸ் லைன்ல மாட்டிட்டா?”

கேஸக்கா கதவை விட்டு உள்ளே ஓரடி வந்தாள். “காத்தையா?”

“ஏன்? குமிழிதானே வேணும்? காத்துலயும் குமிழி வரும்.”

அவள் சொல்லிப் பார்த்தாள். பொறுமையாகத்தான் தொடங்கினாள். நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டர், சும்மா வைத்தாலே தன் அளவுக்கு மேல் இந்தக் கேஸைக் குடிக்கும். அழுத்திக் கொடுத்தால் நாலைந்து மடங்கு குடிக்கும். அதே தண்ணீர் காற்றைக் குடிப்பது இரண்டு கரண்டிகூட இருக்காது. குடிக்காததை எத்தனை அழுத்தினாலும் அது வெளியேதான் நிற்கும். மூடி திறந்ததும் போய்விடும். நாக்கில் கடிப்பதும் வெறும் குமிழியின் வேலை இல்லை. இந்தக் கேஸ் தண்ணீரில் கரைந்து லேசாகப் புளிக்கிறது; அந்தப் புளிப்பு நாக்கில் பட்டுத்தான் சுள்ளென்கிறது, அதுதான் அத்தனை சர்க்கரையையும் திகட்டாமல் இறங்க வைக்கிறது. தவிர, பூஞ்சைக்குக் காற்று வேண்டும். கேஸ் இருக்கிற பாட்டிலில் அதற்கு மூச்சு கிடையாது. நாமே காற்றை ஊதி அனுப்பினால் பூஞ்சைக்குப் பாய் விரித்த மாதிரி.

மச்சான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடிந்ததும், “எல்லாம் சரிக்கா. ஆனா மூணே நாள்ல குடிச்சுடப் போறாங்க. அதுக்குள்ள பூஞ்சை எங்க வருது?” என்றான்.

அவள் சொன்ன ஐந்து விஷயத்தில் நான்கு காற்றோடு போய், ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டான். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் ஊதுகிறவன் கன்னத்தையாவது பார்ப்பான்.

“ஒரு பாட்டில் போட்டுக் கொண்டாங்க. பாத்துடலாம்,” என்றார் முதலாளி.

‘பாத்துடலாம்’ என்றால் கேட்டுவிடலாம் என்று அர்த்தம். அந்தக் கம்பெனியில் அது ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் நிரப்பும் முதல் பாட்டிலை முதலாளி மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் அதைக் காதருகே வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பார். ‘புஸ்’ என்ற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். திருப்தியானால் தலையசைப்பார். பாட்டில் அப்படியே திரும்பி வந்துவிடும். குடிக்க மாட்டார். சர்க்கரை வியாதி வந்து பதினொரு வருஷம் ஆகிறது. தன் கம்பெனியின் சரக்கு எப்படி இருக்கும் என்பதையே அவர் நாக்கு மறந்துவிட்டது. மச்சானோ காபியைத் தவிர எதையும் தொடமாட்டான். ஆக, அந்தக் கட்டடத்தில் பானத்தைக் குடித்துப் பார்க்கிறவர்கள் இரண்டே பேர்: கேஸக்காவும், மூடி மெஷினில் நிற்கும் மூடிக்காரியும்.

கம்ப்ரசர் குழாயை மாட்டி ஒரு பாட்டில் நிரப்பினார்கள். முதலாளி காதில் வைத்துத் திறந்தார்.

‘புஸ்.’

குறை சொல்ல முடியாத புஸ். கழுத்தில் அடைபட்டிருந்த காற்று வெளியே வந்தால் அது எந்தக் காற்று என்று காதுக்கு எப்படித் தெரியும்? பாட்டிலுக்குள் பானம் ஒரு கணம் பால் மாதிரி வெளுத்து, கீழிருந்து மேலாகத் தெளிந்து, அசைவில்லாமல் நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார் முதலாளி.

“மொதலாளி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

“ஏம்மா, என்னை ஆஸ்பத்திரில படுக்க வைக்கணுமா?”

அதோடு கூட்டம் முடிந்தது. மதியத்துக்குள் நாற்பது பெட்டி நிரம்பிவிட்டது. மூடிக்காரி ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அக்கா, கல்யாணமாகி இருபது வருஷமான மாதிரி இருக்குக்கா. இனிப்பு இருக்கு, வேற ஒண்ணுமே இல்ல.”

“எண்ணெய் வாசம் வருதா?”

“ஆமா. அதுவும் வீட்டுக்காரர் மாதிரியேதான்.”

கேஸக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சான் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கேஸ் சரின்னு எழுதணும். இதுல கேஸே இல்லையே தம்பி. எதைச் சரின்னு எழுதுறது?”

“அக்கா, மாமா காதால கேட்டுப் பாஸ் பண்ணியாச்சு. நீங்க ஒரு கோடு கிழிக்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப மாமாவையே கிழிக்கச் சொல்லுங்க.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம். கையெழுத்து இல்லன்னா நான் போட்டு அனுப்பிடுவேன். நீங்க மறுபடி பாட்டில் கழுவப் போகலாம். மாமாகிட்ட சொல்லிட்டேன்.”

அவள் முதலாளியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. முதலாளி ஏதோ காகிதத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். காகிதம் தலைகீழாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று தையல் மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. மெஷினில் உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர், தையல்காரர். முன்னறைதான் அவருக்குக் கடை. அவர் காலால் செருப்பைத் தள்ளிவிட்டு, வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார்.

“என்ன, இன்னைக்கு அழுத்தம் ஜாஸ்தியா?”

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் காலர் ஒன்றைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“சரி, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. காத்துன்னா காத்துதானே? அதை அடிச்சா என்ன, இதை அடிச்சா என்ன?”

அவள் தண்ணீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்தாள். “இருபத்தாறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“நிறைய சொல்லியிருக்க. நான் பட்டன் எடுக்கப் போயிடுவேன்.”

“சட்டைத் துணிக்குப் பதிலா காகிதத்தைத் தைச்சுக் குடுங்கன்னா குடுப்பீங்களா?”

“மாட்டேன். போட்டுப் பாத்தா கிழிஞ்சிடும்.”

“அதைத்தான் சொல்றேன். குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். அந்த மனுஷன் குடிக்க மாட்டேங்கறார். காதுலயே பாஸ் பண்றார். சட்டையைப் போட்டுப் பாக்காம, மடிக்கிற சத்தத்தை வச்சு வாங்குற மாதிரி.”

“ஏன் குடிக்க மாட்டேங்கறார்?”

“சக்கரைதான். தெரியாதா உங்களுக்கு?”

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். “சக்கரை உங்க பாகுல இருக்கு. கேஸ்லயா இருக்கு?”

அவள் எழுந்த வேகத்தில் செம்பு உருண்டது. பத்தொன்பது வருஷத்தில் இந்தச் சின்ன விஷயம் தனக்குத் தோன்றவே இல்லையே என்று ஒரு பக்கம் ஆத்திரம். அதுவும் பட்டன் எடுக்கப் போகிற ஆள் வாயிலிருந்து வந்ததே என்று இன்னொரு பக்கம் ஆத்திரம்.

“என்ன, தப்பா சொல்லிட்டேனா?” என்றார் அவர்.

“வாயை மூடிட்டு காலரைத் தைங்க,” என்றாள் அவள். அவள் குரலில் இருந்த மாற்றத்தைக் கேட்டு, அவர் தான் ஏதோ நல்லது சொல்லிவிட்டதாகப் புரிந்துகொண்டார். எது என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கே அவள் முதலாளியின் மேஜையில் இரண்டு எஃகுக் குடுவைகளைக் கொண்டுவந்து வைத்தாள். சாம்பிள் எடுக்கும் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் பிடிக்கும், மேலே ஒரு வால்வும் அழுத்தம் காட்டும் சின்ன முள் கடிகாரமும் உண்டு. இரண்டிலும் பாதிக்குப் பாகு கலக்காத வெறும் தண்ணீர், விரல் மரத்துப்போகும் குளிரில். ஒரு குடுவையில் கம்ப்ரசர் காற்று. இன்னொன்றுக்காக, ஐந்தாவது சிலிண்டரில் மிச்சமிருந்த முக்கால் கிலோவை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“என்னம்மா இது, காலங்கார்த்தால?” என்றார் முதலாளி.

“ரெண்டு நிமிஷம் மொதலாளி. பேசமாட்டேன். நீங்க பாருங்க, அது போதும்.”

முதலில் காற்றுக் குடுவை. முள் நான்கில் நிற்கும்வரை ஏற்றி வால்வை மூடினாள். இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளையைத் தூளியில் ஆட்டுகிற மாதிரி இல்லை, பேய் பிடித்த மாதிரி குலுக்கினாள். மேஜையில் வைத்தாள். முள் நான்கை விட்டு லேசாகத்தான் நகர்ந்திருந்தது.

அடுத்தது கேஸ் குடுவை. அதே நான்கு. வால்வை மூடினாள். குலுக்கினாள். மேஜையில் வைத்தாள். முள் ஒன்றில் கிடந்தது.

முதலாளி முன்னால் சாய்ந்தார். “லீக்கா?”

“லீக் இல்ல மொதலாளி.”

“அப்புறம் கேஸ் எங்க போச்சு?”

“தண்ணி குடிச்சிடுச்சு.” மறுபடி நான்குவரை ஏற்றிக் குலுக்கினாள். முள் மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் ஏற்றினாள். இப்போது கொஞ்சம்தான் விழுந்தது. “வயிறு நிறைஞ்சிடுச்சு. அந்தத் தண்ணி காத்தைத் தொடவே இல்ல, பாத்தீங்களா? அதைத்தான் நேத்து நாற்பது பெட்டில அடைச்சோம்.”

ஜன்னலோரம் நின்ற மச்சான் வாயைத் திறந்தான். முதலாளி அவனைப் பார்க்காமலே கையைத் தூக்கி நிறுத்தினார்.

அவள் இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஊற்றினாள். “பாகு ஒரு சொட்டு கிடையாது. வெறும் தண்ணி. குடிங்க.”

முதலாளி காற்றுத் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். “தண்ணி,” என்றார். பிறகு மோந்து பார்த்தார். “கம்ப்ரசர் எண்ணெய்.” அடுத்த தம்ளரை எடுத்தார். குடித்தார். கண் இரண்டும் சுருங்கி நீர் கோத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு ஏப்பம் புறப்பட்டு அறையைச் சுற்றி வந்தது. அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மிச்சத்தையும் குடித்தார்.

“கடிக்குது,” என்றார் மெதுவாக.

“அதுக்குத்தான் ஜனங்க வாங்குறாங்க.”

“மாப்ள, இங்க வா. இதைக் குடி. இப்ப அதைக் குடி. இதுவாடா கேஸு? இது உன் பேச்சு மாதிரி இருக்கு. சத்தம் வருது, உள்ள ஒண்ணும் இல்ல.”

கேஸக்காவின் நெஞ்சில் ஒரு குளிர் இறங்கியது. ஒரே ஒரு மூச்சு நேரத்துக்கு. அதற்குள் முதலாளி திரும்பி, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்:

“ஏம்மா, இத்தனை வருஷமா இங்க இருக்க. இதை எனக்கு ஏன் நீ சொல்லவே இல்ல?”

ஐஸ் கொட்டச் சொன்ன அன்று சொன்னாள். குளிரூட்டும் மெஷின் வாங்கிய அன்று சொன்னாள். நேற்று இதே கதவருகே நின்று, இதே மேஜையைப் பார்த்து, காலை ஒன்பது மணிக்குச் சொன்னாள். கன்னத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டாள், சத்தமாகவே போட்டாள்.

“நேத்தே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு,” என்று முதலாளி தொடர்ந்தார். “சத்தத்துலயே ஒரு வித்தியாசம். சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னு விட்டுட்டேன். சரி, அந்த நாற்பது பெட்டியைத் திறந்து ஊத்திடுங்க. இப்ப ஒண்ணு பண்ணலாம். இருக்கிற கேஸைக் கொஞ்சம், காத்தைக் கொஞ்சம், ரெண்டையும் கலந்து விட்டா?”

“மொதலாளி!”

“கேக்கறேம்மா. கேக்கக்கூடாதா?”

“காத்து உள்ள இருந்தா, தண்ணி குடிச்ச கேஸையும் சேத்து வெளிய தள்ளிடும். நிரப்பும்போதே பொங்கிடும். இருக்கறதும் போயிடும்.”

“அப்படியா?” என்றார் முதலாளி. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் புரிந்த முகம் மறுபடி மூடிக்கொண்டது. “அப்ப எழுபது பெட்டி போச்சு.”

“முதல் நாள் மட்டும்தான் போகுது மொதலாளி. வியாழன் மதியம் லாரி வந்துடும். நான் நின்னு நிரப்பித் தரேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் குடுத்துடலாம். ஆனா இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிடணும்.”

முதலாளி போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். மணி அடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. சட்டென்று அதை அவள் கையில் திணித்தார். “நீயே சொல்லு. உனக்குத்தான் விவரமா வரும்.”

இப்படி ஒரு பாராட்டு இந்த நேரத்தில்தான் வர வேண்டுமா? அவள் காதில் வைத்தாள். மைதானத்தின் ஸ்டோர்ஸில் பொறுப்பாக இருக்கும் அம்மாள் எடுத்தாள். பின்னால் யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தம்.

கேஸக்கா விஷயத்தைச் சொன்னாள். ஆலை மூடியிருக்கிறது, கேஸ் இல்லை, வியாழக்கிழமை சரக்கு தர முடியாது.

“கேஸ் இல்லன்னா என்னம்மா? ஜில்லுன்னு இனிப்பா இருந்தா போதாதா? ஓடிட்டு வர்ற பசங்க, எதைக் குடுத்தாலும் குடிக்கும். அப்படியே காத்தடிச்சுக் குடுத்துடுங்க.”

கேஸக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே முதலாளி, ஜன்னலோரம் மச்சான், வாசலில் எட்டிப் பார்க்கும் மூடிக்காரி. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அப்படி இல்லம்மா. இப்ப ஒரு லிட்டர் தண்ணி இருக்குன்னு வச்சுக்கோங்க. அது இந்தக் கேஸை...”

“ஐயோ, எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. பாடம் எல்லாம் வேணாம். வியாழக்கிழமை உண்டா இல்லையா, அதைச் சொல்லு.”

“இல்ல.”

“வெள்ளி, சனி?”

“உண்டு.”

“சரி. வியாழனுக்கு வேற இடத்துல வாங்கிக்கிறேன்.” மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

“என்னம்மா சொன்னாங்க?” முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். “விவரமாச் சொன்னியா? புரிஞ்சுக்கிட்டாங்களா?”

“இல்லன்னு சொன்னேன் மொதலாளி,” என்றாள் கேஸக்கா. போனை மேஜையில் வைத்தாள். “அது உடனே புரிஞ்சிடுச்சு.”

மூடிக்காரி வாசலிலிருந்து நகர்ந்து வழிவிட்டாள். இருவரும் சேர்ந்து நாற்பது பெட்டியையும் திறந்து ஊற்றப் போனார்கள். தொள்ளாயிரத்து அறுபது பாட்டில். எல்லாவற்றையும் கழுவ வேறு வேண்டும்.